எரிஞ்ச ஏரி

செல்போன் கோபுரத்துப் பறவைகளுக்குச் சாயங்காலமானால் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக் கத்திக்கொள்வதுதான் பொழுதுபோக்கு. புதிதாக வந்த மைனா, எல்லோரையும் மிரட்டிவிட வேண்டுமென்று ‘எரிஞ்ச ஏரி’ என்று வைத்துக்கொண்டது. சண்டைக் காலத்தில் குண்டு விழுந்து கொக்குக் கூட்டமே எரிந்துபோன ஏரி அது.

“எரிஞ்ச ஏரி வந்தாச்சா?” என்று காகம் கூவும்.

“வந்தாச்சு!” என்று மைனா நெஞ்சை நிமிர்த்தும். மற்றவை விழுந்து விழுந்து சிரிக்கும்.

கீழ்க்கம்பியில் இருக்கும் கொக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் விருட்டென்று மேலே பறந்து வரும். மைனாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிடும்.

மைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டது: “என்னக்கா, என் பேரு அவ்வளவு பிடிச்சிருக்கா?”

“என் பிள்ளைங்க அந்த ஏரியிலதான் இருந்துச்சுங்க தம்பி. பேரைக் கேட்டதும், அங்கேருந்து ஒண்ணாவது வந்துருச்சோன்னு ஓடி வந்துடறேன். தப்பா எடுத்துக்காதே.”

மறுநாளும் காகம் கூவியது. மைனா வாயே திறக்கவில்லை.

கொக்கு மேலே வந்துவிட்டது. “வந்தாச்சு” என்று யாரும் சொல்லாததால், இனிமேல்தான் வரப்போகிறதோ என்று அன்றைக்கு அது கீழே இறங்காமல் ஏரி இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மைனா மெல்ல நகர்ந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் அந்தத் திசையைப் பார்த்தது.