மெட்ராஸ் கழகத்தோடு ஓர் ஆட்டம்

துறைமுகக் கூடைப்பந்து அணித்தலைவன் பாயிஸ் சப்பாத்தைக் கழற்றிச் சுவரில் எறிந்தான்.

“மெட்ராஸ் கழகம் எங்கட மூஞ்சையில காறித் துப்பிப்போட்டுது, யோசேப் அண்ணை!”

“சீசனுக்கு முந்தின சிநேக ஆட்டம்தானே தம்பி,” என்றார் அணியின் செயலாளர் யோசேப். “இதுக்கு ஏன் இப்பிடிக் கொதிக்கிறாய்?”

“ஒரு மாசமாய் வேலை முடிஞ்ச கையோட வந்து பயிற்சியில முறிஞ்சனாங்கள். இனி எந்த முகத்தோட ஊருக்குள்ள போறது?”

“என்ன விசர்க்கதை? நாப்பது புள்ளியால வெண்டிட்டம். கப்பும் உன்ர பக்கத்திலதான் கிடக்குது.”

“ஆரை வெண்டனாங்கள்? அவங்கட விளையாட்டுக்காரர் நிலாவெளியில கடல் குளிக்கிறாங்களாம். ஜேர்சி போட்டு வந்தது அவங்கள் வந்த கப்பலில குசினியில சமைக்கிறவங்கள்! கப்பலில இருந்து அவங்களைக் கரைக்கு ஏத்திவந்த படகுக்காரன் இப்பதான் சொன்னவன்.”

யோசேப் கண்ணை வேறு பக்கம் திருப்பினார். “காலமையே எனக்குத் தெரியும். சொன்னால் நீ இறங்கியிருக்கமாட்டாய்.”

பாயிஸ் கப்பை அவர் கையில் திணித்தான். “அப்ப நீங்களும் அவங்கட ஆள்தான்.”