எட்டடிப் பரண்

"எட்டடியில பரண் கட்டறியே மச்சான், மானைச் சுடப் போறியா, இல்ல கை குலுக்கப் போறியா?"

டுவைன் கேட்டதற்கு அவன் அக்கா ஆர்டிஸ் சிரிக்கவில்லை. அவள் கணவன் லைலும் சிரிக்கவில்லை. பைன் மரத்தைச் சுற்றிப் பரணின் வார்ப்பட்டையை இறுக்குவதிலேயே இருந்தான்.

"விஸ்கான்சின் மாநிலம் பூரா அவனவன் இருபதடியில உக்காந்திருக்கான். தாழ உக்காந்தா உன் வாசனை முன்னாடியே போயி மானுக்குச் சேதி சொல்லிடும்."

"எனக்கு இது போதும்."

"என்ன போதும்?" ஆர்டிஸ் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "போன வருஷம் வெறுங்கை. அதுக்கு முந்தின வருஷமும் வெறுங்கை. பேப்பர் மில்லை மூடினதுலேருந்து நாம திங்கறது என் தம்பி குடுக்கற கறி. உனக்குக் கூச்சமாவே இல்லையா?"

"உயரம் ஒத்துக்கல."

"கூரை மேல ஏறிப் பனி தள்ளறப்ப மட்டும் ஒத்துக்குதா? முன்னல்லாம் நீயும் இருபதடியிலதானே கட்டினே?"

லைல் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான்.

அவன் அப்படித்தான். ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். மகள் டெஸ்ஸா தாத்தாவின் துப்பாக்கியை விற்றுப் போதை மாத்திரை வாங்கிய அன்று, வாசலை அடைத்துக்கொண்டு நின்று சொன்னான்: "இனிமே இந்த வீட்ல அவ பேரை யாரும் எடுக்கக் கூடாது."

சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். ஆர்டிஸ்தான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இன்றைக்கும் அப்படித்தான் அழுகிறாள்.

லைல் தூரம் போன பிறகு டுவைன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, கடையில டெஸ்ஸாவைப் பார்த்தேன். எலும்பும் தோலுமா இருக்கா. திரும்பவும் மாத்திரைதான் போல."

"எங்க இருக்கா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்னு சொன்னா. யாரோ போட்டுட்டுப் போன தகர வீடாம். விறகு கேட்டா, நாலு கட்டு இறக்கிக் குடுத்தேன்."

"நான் வந்து பார்க்கட்டுமானு கேட்டியா?"

"கேட்டேன். அப்பா வரச் சொன்னாத்தான் யார் மூஞ்சியிலயும் முழிப்பாளாம்."

அப்பனுக்கு ஏற்ற மகள். ஆர்டிஸுக்கு மரத்திலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மான் வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் லைல் தோட்டா வாங்க டவுனுக்குப் போனான். அவன் வண்டி மறைந்ததும் ஆர்டிஸ் தம்பிக்குப் போன் செய்தாள்.

"ஏணியை எடுத்துட்டு வா. அந்தக் கல்லுகிட்டப் பேசிப் பிரயோஜனமில்ல. நாமளே தூக்கிக் கட்டிடலாம். இந்த வருஷமாவது ஒரு மான் விழட்டும்."

பரணுக்குக் கீழே வந்தபோது டுவைன் தலையில் அடித்துக்கொண்டான். பரணின் காலடியிலேயே மான் புழுக்கை கிடந்தது. புல் அமுங்கியிருந்தது.

"கூத்தைப் பார்த்தியாக்கா? இவன் மேல உக்காந்திருக்கான், அதுங்க கீழ படுத்துத் தூங்கிட்டுப் போகுதுங்க!"

"நீ ஏணியைப் பிடி. நான் ஏறிப் பட்டையை அவுக்கறேன்."

ஏறினாள். இருக்கை மான் தடத்துக்கு முதுகைக் காட்டிப் போட்டிருந்தது. இது என்ன கிறுக்குத்தனம் என்று திட்டிக்கொண்டே அதில் உட்கார்ந்தாள்.

தலைக்கு மேலே பைன் கிளைகள் கூரை போல அடர்ந்து தொங்கின. ஓரடி உயர்த்தினாலும் கண்ணுக்கு முன்னால் பச்சை இலைதான். ஆனால் உட்கார்ந்தபடி பார்த்தால் கிளைகளுக்குக் கீழே ஒரு இடைவெளி. அங்கேயும் ஒரு கொப்பை யாரோ ரம்பத்தால் சுத்தமாக அறுத்து, ஜன்னல் மாதிரி திறந்துவிட்டிருந்தார்கள்.

ஜன்னலில் ஆறு தெரிந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு நீலத் தகர வீடு. கதவில் சிவப்புப் போர்வை தொங்கியது. டெஸ்ஸாவின் பதினாறாவது பிறந்தநாளுக்கு ஆர்டிஸ் பின்னிக் கொடுத்த போர்வை.

கூரையில் துருப்பிடித்த குழாய். அதிலிருந்து மெலிசாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அடுப்பு எரிகிறது. அப்படியென்றால் மூட்டுவதற்கு அங்கே உயிர் இருக்கிறது.

"அக்கா, அவுத்தாச்சா?"

அவள் பட்டையைத் தொடாமலே இறங்கத் தொடங்கினாள்.

"விட்டுடு, டுவைன். உயரம் சரியாத்தான் இருக்கு."

"என்னது? புருஷனுக்குத் தப்பாத பொண்டாட்டி போ! கறி வேணும்னா என் வீட்டுக்குத்தான் வரணும், பார்த்துக்கோ."

"வர்றோம்" என்றாள்.

லைலிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பரணைப் பிரித்துவிடுவான் என்று பயம். வேட்டைக் காலம் தொடங்கியதும் தினமும் விடியுமுன் காபி ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். அவன் வெறுங்கையோடு திரும்பியதும் சூப்பைச் சூடாக்கி வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்து, இன்றைக்கும் புகை வந்தது என்று தெரிந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை குளிர் ஏறிவிட்டது. ஆற்றின் ஓரம் உறையத் தொடங்கியது. அன்று லைல் சூப்பைத் தொடாமல், அவளுக்கு முகம் காட்டாமல் நேரே படுக்கப் போய்விட்டான்.

புதன்கிழமை மாலை லைல் உள்ளே வந்தான். துப்பாக்கியைச் சாத்தினான். ஆரஞ்சு மேல்கோட்டைக் கழற்றாமல் கதவருகிலேயே நின்றான். அந்த முகத்தை அவளால் தாங்க முடியவில்லை.

வருஷா வருஷம் இந்த நேரத்தில் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: மான் கண்ணில் பட்டதா?

இன்று அவள் வேறு கேட்டாள்.

"புகை வந்துச்சா, லைல்?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

"நேத்துலேருந்து டெஸ்ஸா அடுப்பு மூட்டல, ஆர்டிஸ்."