சக்கைக்கு ஒரு சேதி

மணிகளை உதிர்த்து முடித்ததும் அந்த மக்காச்சோளச் சக்கையைக் களத்தோரம் வீசிவிட்டார்கள். உடம்பெல்லாம் குழிகுழியாகக் கிடந்தது. எந்தக் குழியில் யார் இருந்தார்கள் என்று அதற்கு இன்னமும் நினைவிருந்தது.

"மூட்டையில ஏறிப் போனதுக ஒரு தடவை திரும்பிப் பாத்துச்சா? விட்டுத் தொலை," என்றது பக்கத்தில் கிடந்த காய்ந்த சோளத்தட்டை.

"திரும்பிப் பாக்க மூட்டைக்குள்ள ஏது இடம்? இன்னும் குடோன்லதான் இருக்குதுகளாம். ஒருதரம் குரலக் கேட்டாப் போதும் எனக்கு," என்றது சக்கை.

ஒருநாள் எரிபொருள் ஆலைக்காரர்கள் வந்து சக்கைகளை அள்ளிப் போனார்கள். அரைத்து, ஊறப்போட்டு, புளிக்கவைத்து, காய்ச்சி வடித்தார்கள். சொட்டுச் சொட்டாக வடிந்த சக்கை, கடைசியில் ஒரு சரக்கு வண்டியின் டாங்கிக்குள் போய்ச் சேர்ந்தது.

வண்டி குடோன் வாசலில் நின்று மூட்டை ஏற்றியது. மேலே கலகலவென்று பேச்சு. அதே குரல்கள்!

சக்கை ஆசை ஆசையாகக் கூப்பிட்டது. கூப்பிட்டதெல்லாம் இன்ஜின் உறுமலாகத்தான் வெளியே வந்தது.

"என்னமா கத்துது இந்த வண்டி!" என்று மணிகள் சிரித்தன. அதற்குப்பிறகு சக்கை கூப்பிடவில்லை. மேடு வந்தபோது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எரிந்தது.

தீவன ஆலையில் இறங்கும்போது ஒரு சின்ன மணி வண்டியிடம் சொன்னது: "அண்ணே, எங்க ஊர்ப்பக்கம் போனா, களத்தோரம் ஒரு சக்கை கிடக்கும். எங்கள எல்லாம் நெஞ்சோட சேத்து வச்சிருந்துச்சு. நாங்க கேட்டோம்னு சொல்லுங்க."

டாங்கியின் அடியில் இருந்த கடைசிச் சொட்டும் பற்றிக்கொண்டது. வண்டி ஒருமுறை உறுமி அடங்கியது.

"சரிங்குது," என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே மணி ஆலைக்குள் போனது.