சாணிக்குழிக்குப் போன கீரை

"கண்ணு தெரியலையாப்பா உனக்கு?"

திருமூர்த்தி கத்திய கத்தலில், அவருடைய இயற்கைப் பண்ணைக்குக் காய் வாங்க வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னும் ஒரு கட்டுகூட விற்காத அரைக்கீரை, கூடையோடு சாணிக்குழிக்குள் கிடந்தது. கரையில் தலைகுனிந்து நின்றார் பெருமாள்சாமி. விருதுநகர்ப் பக்கத்து ஆட்டுக்காரர். வெயில் தொடங்கியதும் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு பொங்கலூர் வந்தவர், எருவுக்காக இந்தத் தோட்டத்தில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தார்.

"தூக்கி வைக்கலாம்னு வந்தேன், கால் இடறிருச்சுங்கய்யா."

"உன்னை யாரு தூக்கச் சொன்னது? காலங்காத்தால ஊத்திட்டு வந்துட்டியா?"

பெருமாள்சாமி குடிக்கிற ஆளே இல்லை. ஆனாலும் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

திருப்பூரிலிருந்து மகளோடு காரில் வந்திருந்த அனுப்பிரியாவுக்கு முகம் வாடிவிட்டது. "பாப்பாவுக்கு உங்க கீரையைத் தவிர வேற எதையும் குடுக்கறதில்லீங்க. இதுக்குன்னேதான் இவ்வளவு தூரம் வந்தோம்."

"ஒரு சொட்டுப் பூச்சிமருந்துகூடப் படாத கீரைங்க கண்ணு. சுத்துவட்டாரத்துல எல்லாத்துக்கும் புழு விழுந்திருச்சு. நான் பெத்த புள்ளையாட்டப் பாத்து வளத்தேன். பாழாப் பண்ணிட்டான்!" என்ற திருமூர்த்தி, ஆட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இன்னைக்கே ஆட்டை ஓட்டிட்டுக் கிளம்பு."

"இந்த வெயில்ல மேய்ச்சலுக்கு எங்கய்யா போவேன்?"

"எங்கியோ போ!"

"பாவமுங்க, தெரியாமப் பண்ணிட்டாரு" என்றாள் திருமூர்த்தியின் மனைவி தெய்வாத்தாள்.

"நீ சும்மா இரு."

வந்தவர்கள் தக்காளியும் முருங்கையும் வாங்கிக்கொண்டு, ஆட்டுக்காரரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியாக அனுப்பிரியாவின் காரும் போனது. அதுவரை அசையாமல் நின்ற பெருமாள்சாமி கிட்டே வந்தார்.

"கால் இடறலைங்கய்யா. நாந்தான் தள்ளிவிட்டேன்."

"என்னது?"

"விடியக்காலம் ரெண்டு ஆடு கிடையத் தாண்டிப் போயி கீரைப் பாத்தியில வாய வச்சிருச்சு. வாயில நுரை தள்ளிச் செத்துப்போச்சுங்கய்யா. பதறி ஓடியாந்தா, அந்தக் கீரைய வாங்க, கார்ல வந்த சின்னப் பிள்ளை கைய நீட்டிக்கிட்டு நிக்குது. யோசிக்கவே இல்ல, கூடையத் தள்ளிட்டேன்."

தெய்வாத்தாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அதை அப்பவே சொல்றதுக்கென்னங்க?"

"அத்தனை பேர் முன்னால சொன்னா அய்யா பேரு என்னாகும்? அய்யா மருந்தக் கையால தொடாதவுகன்னு எனக்குத் தெரியும். யாரோ ஆகாதவுக வந்து அடிச்சிட்டுப் போயிருக்காக. அவுகள சும்மா விடாதீகய்யா."

திருமூர்த்தி சாணிக்குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெய்வாத்தாளின் கண் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனது. அங்கே ஸ்பிரேயர் தொங்கியது. முந்தாநாள் அதை முதுகில் மாட்டிக்கொண்டு கீரைக்குள் இறங்கிய திருமூர்த்தி, "வேப்பெண்ணெய்தான், நீ கிட்ட வராதே" என்றார். வேப்பெண்ணெய் அடிக்க மூக்கையும் வாயையும் எதற்குத் துண்டால் கட்ட வேண்டும் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

"ஆமாங்க. சும்மா விடக் கூடாதுங்க" என்றாள், புருஷன் முகத்தையே பார்த்தபடி.