ஒரு பிடி மண்

தார்ச்சட்டி சுமந்து சுமந்து பெருமாயிக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. முந்தின நாள் லாரி மோதி, கூட ரோடு வேலை பார்த்த சடையப்பன் செத்துவிழுந்த இடத்தில், ரத்தத்தை யாரும் மிதிக்கக் கூடாதென்று மண்ணைப் போட்டு, சுற்றிலும் கல் வைத்திருந்தாள். காலையில் மேஸ்திரி அந்தக் கற்களை எத்தித் தள்ளினார்.

"இதை மறைச்சிரு. ஆபீசர் வர்றாரு."

"நேத்தே மூடிட்டேனே மேஸ்திரி."

"மூடினா என்னமோ இருக்குன்னு தெரியுதில்ல? மறைக்கச் சொல்றேன்."

தார்க்கலவையை அவளே கொட்டினாள். ரோலர் ஏறி இறங்கியது.

மதியம் சடையப்பனின் மனைவி அங்கம்மா மஞ்சள் துணியோடு வந்தாள். உயிர் போன இடத்து மண்ணை ஒரு பிடி கொண்டுபோனால்தான் அவன் வீடு வந்து சேர்வான்.

"எந்த எடம்க்கா?"

ரோடு முழுக்க ஒரே கறுப்பாகக் கிடந்தது.

"ஓரத்துல அள்ளிக்கம்மா, எல்லாம் ஒரே மண்ணுதான்" என்றார் மேஸ்திரி.

"உங்க வீட்டுக்கு வேற ஆள் வந்தா சேத்துக்குவாங்களா?" என்று அங்கம்மா கேட்டாள்.

பெருமாயி கடப்பாரையைத் தூக்கினாள். எங்கே குத்துவதென்று அவளுக்கே தெரியவில்லை. அங்கம்மா துணியை விரித்துப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு ஒரு பிடி மண் பாக்கி.