காலடித் தலையணை

ஜாக்சன் நகரத்துப் பழைய மரச்சாமான் கடையின் மாடியில், உடைந்த கண்ணாடி வழியே பிற்பகல் வெயில் விழுகிறது. தொண்ணூறு வருடங்களுக்கு முன் ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களின் சோகப்பாட்டைப் பாடுகிறவர்களை உட்காரவைத்து இசைத்தட்டுக்குப் பதிவு செய்த அறை இது. எதிரொலிக்காமலிருக்க அன்று ஆணியடித்த போர்வைகள் இன்னும் சுவரில் மக்கித் தொங்குகின்றன. நாளை இடிக்க வருகிறார்கள். இங்கே பதிவு நடந்ததற்கு இன்று ஒரு சான்று கிடைத்தால் கட்டடம் பிழைக்கும். ஒற்றை நாற்காலிக்கு முன்னால் தரையில் கிடக்கும் தலையணையைப் பார்த்ததும், சான்று தேடி வந்த ஆர்ஸெலியா குனிகிறாள். பாடுகிறவரின் கால்தாளம் பதிவில் விழாதிருக்கப் போட்டது அது. நடுவில் குதிகால் அளவுக்கு ஒரு குழி.

"இது ஒண்ணு போதும்டா!" என்று திரும்பாமலே உதவியாளன் கிளியோஃபஸிடம் சொல்லி, அதைத் தூக்குகிறாள்.

டக். டக். டக். வெறும் தரைப்பலகையில் தாளம் கேட்கிறது.

"காலை ஆட்டாத, கிளியோஃபஸ்."

"நான் ஏணி மேல நிக்கிறேன்க்கா."

ஒவ்வொரு தட்டுக்கும் நாற்காலியின் முன் தூசி துள்ளுகிறது. கிளியோஃபஸின் குரல் தணிகிறது. "வச்சிடுக்கா. அவரு இன்னும் பாடி முடிக்கல."

ஆர்ஸெலியா தலையணையை இருந்த இடத்திலேயே வைக்கிறாள். சத்தம் நிற்கிறது. குழி மட்டும் அமுங்கி அமுங்கி எழுகிறது.