ஈரான் மாப்பிள்ளை

"எஸாஃபேங்கிறது யாரு கண்ணு?"

கந்தப்பன் தட்டிலிருந்த தோசையைத் தொடவே இல்லை. மகள் வர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஈரானுங்கப்பா."

சாரதாமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனி நடத்தும் கந்தப்பனுக்கு வர்ஷினி ஒரே பெண். சொந்தக் கம்பெனி இருக்கிற வீட்டில்தான் பெண்ணைக் கொடுப்பேன் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சென்னைப் பக்கம் எம்.ஏ. வரலாறு படிக்கப் போனவள், பழைய ஆவணங்களைப் படிக்கப் பாரசீகமும் கத்துக்கறேன் என்றபோது பெருமையாகத்தான் இருந்தது. லீவுக்கு வந்ததும்தான் வினை.

"போன்ல பேசினதை நானே கேட்டனுங்க" என்று கணவனிடம் கிசுகிசுத்தாள் சாரதாமணி. "'எஸாஃபே இல்லாம ஒண்ணுமே ஓடமாட்டேங்குது, தூக்கத்துலகூட அதே நெனப்பு'ங்கறா. ஏனுங்க, ஈரான் எங்கீங்க இருக்குது?"

"துபாய்க்கு அந்தப்பக்கம்."

"ஒரு தீபாவளிக்குக் கூப்பிட்டா பஸ்ஸுல வர முடியுமுங்களா?"

"நீ செத்த பேசாம இரு."

வர்ஷினி கை கழுவிக்கொண்டே சொன்னாள். "மத்தியானம் என்கூடப் படிக்கிற மகுடேஸ்வரன் புத்தகம் வாங்க வர்றாருங்கப்பா. பொங்கலூர்க்காரரு. வேணும்னா அவருகிட்டயே கேட்டுக்குங்க."

மகுடேஸ்வரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் கந்தப்பன் கதவைச் சாத்தினார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. அந்த எஸாஃபே எப்படிப்பட்ட ஆளு?"

அவன் விழித்தான். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"ஆளு இல்லீங்க. இலக்கணமுங்க."

"என்னது?"

"பாரசீகத்துல ரெண்டு சொல்லைச் சேர்க்க நடுவுல 'எ'ன்னு ஒரு சத்தம் வருமுங்க. 'கெத்தாப்'னா புத்தகம், 'மன்'னா நான். 'கெத்தாபெ மன்'னா என்னோட புத்தகம். அந்த 'எ'வுக்குப் பேருதான் எஸாஃபே. எழுத்துல பெரும்பாலும் இருக்காது, நாமளாப் போட்டுப் படிக்கணும். கிளாஸ்ல எல்லாரும் அதுலதான் தடுக்கி விழறமுங்க."

கந்தப்பன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சாரதாமணி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டு, சாப்பிடாமல் போகக்கூடாது என்று பையனை உட்கார வைத்து இலை போட்டாள்.

"ஊட்டுல என்னங்க தம்பி பண்றாங்க?"

"சின்ன வெங்காயம் போட்டிருக்கமுங்க. கம்பெனி எல்லாம் இல்லீங்க."

"கம்பெனி கெடக்குது போங்க" என்றார் கந்தப்பன். "நான் பட்ட பாட்டுக்கு, உங்களாட்டம் பக்கத்தூருப் பையன் வந்து கேட்டாக் கண்ணை மூடிட்டுக் கொடுத்துருவேன்."

சாரதாமணி ரசம் ஊற்றுவதை நிறுத்தினாள். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தம்பிக்கு எங்கியாச்சும் பொண்ணு பார்த்திருக்கறாங்களா?"

"இன்னும் இல்லீங்க" என்றான் அவன், இலையைப் பார்த்தபடி.

வழியனுப்ப கேட் வரை போன வர்ஷினியிடம் அவன் மெதுவாகச் சொன்னான். "எப்படிக் கேக்கறதுன்னு நாம பயந்துட்டிருந்தா, அவரே கேட்டுட்டாரு."

"நான்தான் சொன்னேன்ல" என்றாள் வர்ஷினி. "முதல்ல ஈரானைக் காட்டிட்டா, பொங்கலூரு ரொம்பப் பக்கமாத் தெரியும்னு."